தீவனப்புல்: வெட்டும் நாளும் இடும் உரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு பதிப்பில் அண்மையில் வெளிவந்த கறவை மாடு வளர்ப்பு பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தமிழ் நாளிதழ் ஒன்று மாட்டுப் புல்லுக்கு அரைப்பக்கம் ஒதுக்குவது அடிக்கடி நடக்கும் காரியமன்று. அதற்காக முதலில் என் நன்றி. ஆனால் ஓர் ஏக்கர் யானைப்புல்லில் (நேப்பியர் புல்லில்) ஆண்டுக்கு எத்தனை டன் வெட்டலாம், அதற்கு எத்தனை மூட்டை யூரியா போட வேண்டும் என்ற இரண்டு கணக்குகளோடு கட்டுரை முடிந்துவிட்டது. அந்தப் புல் எந்த வயதில் வெட்டப்பட்டது என்பதும், வெட்டிய புல்லோடு சேர்ந்து மண்ணைவிட்டுப் போன சத்தை எதைக்கொண்டு ஈடு செய்வது என்பதும் அதில் இல்லை. இவ்விரண்டும் இல்லாமல் டன் கணக்கை மட்டும் நம்பிப் புல் போடுகிறவர் பணத்தையும் மண்ணையும் சேர்த்தே இழப்பார் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் வட்டாரத்தில் பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்த பிறகும், தோட்டத்து லயங்களைவிட்டு மக்கள் பட்டணத்துத் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்த பிறகும், மாட்டை விடாமல் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. முன்பு தோட்டத்துக்குள்ளேயே மேய்ச்சல் இருந்தது. இளஞ்செம்பனைக் காட்டில் வெயில் விழும்வரை அடியில் புல் நன்றாகவே வளரும். மரங்கள் ஏழெட்டு வயதாகி மட்டைகள் ஒன்றோடொன்று கூடிவிட்டால் நிழலில் அது மெலிந்துவிடும். தோட்டங்களில் மருந்தடிப்பும் உண்டு. பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது என்றாலும் வேறு களைக்கொல்லிகள் புழக்கத்தில் இருப்பதால், எந்த வரிசையில் எப்போது அடித்தார்கள் என்று தெரியாமல் அங்கே புல் அறுப்பது ஆபத்து. ஆகவே கால் ஏக்கரோ அரை ஏக்கரோ இடம் தேடி, யானைப்புல் கரணை நட்டு, வெட்டிக் கொண்டுவந்து போடுவதுதான் இன்று பெரும்பாலோர் வழி. இடம் சிறிது என்பதால், அதிலிருந்து வரும் ஒவ்வொரு கட்டுப் புல்லும் மாட்டுக்குள் போய்ப் பாலாக வேண்டியிருக்கிறது.

டன் கணக்கு எங்கே ஏமாற்றுகிறது என்று பார்ப்போம். புல்லின் விளைச்சலைப் பச்சை எடையில் சொல்வது வழக்கம். ஆறு வாரப் புல்லில் நூற்றுக்கு ஏறக்குறைய 84 பங்கு வெறும் நீர்தான். மூன்று மாதப் புல்லில் நீர் 75 பங்கு அளவுக்குக் குறையும். நீர் போக மிஞ்சும் உலர்ந்த பொருளைத்தான் மாடு சத்தாக மாற்றுகிறது. 400 கிலோ எடையுள்ள கறவை மாடு நாளொன்றுக்குத் தன் எடையில் ஏறக்குறைய 3 விழுக்காடு, அதாவது 12 கிலோ உலர்பொருள் தின்னும். முழுவதும் ஆறு வாரப் புல்லாகவே கொடுப்பதானால் அதற்கு 75 கிலோ பச்சைப்புல் வேண்டும். நம்மில் பலர் காலையில் ஒரு கட்டு, மாலையில் ஒரு கட்டு என்று 30 கிலோ போட்டுவிட்டு, மாட்டுக்கு வயிறு நிறைந்துவிட்டது என்று நினைக்கிறோம். அதில் உலர்பொருள் 5 கிலோ கூடத் தேறாது. மீதியைச் செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு ஈடுகட்டுகிறது. அதற்குக் கடைக்காரரிடம் ரிங்கிட்டை எண்ணி வைக்க வேண்டியிருக்கிறது.

புதுப்புது ரகங்களை விற்கிறவர்கள் இந்த இடத்தில்தான் வாடிக்கையாளரைப் பிடிக்கிறார்கள். கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ-4 என்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லுக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 380 முதல் 400 டன் என்று சொல்லப்படுவது உண்மைதான். ஆனால் அதே பரிந்துரையில், நட்ட 75 முதல் 80 நாளில் முதல் வெட்டு, அதன்பின் 45 நாளுக்கு ஒருமுறை வெட்டு என்றும் உள்ளது. உர அளவும் பாசனமும் அதோடு சேர்ந்தவை. தாய்லாந்திலிருந்து வந்த பாக்சோங் புல்லும் இப்படித்தான். கரணை விற்பவர் டன்னை மட்டும் சொல்வார். 45 நாள் என்பதைச் சொல்லமாட்டார். வாங்கியவர், புல் ஆள் உயரம் தாண்டட்டும், எடை கூடட்டும் என்று மூன்று மாதம் காத்திருந்து வெட்டுவார்.

காத்திருப்பதால் என்ன நடக்கிறது? வெட்டிய தூரிலிருந்து புதுத்தளிர் கிளம்பும் முதல் சில வாரங்களில் புல்லின் பெரும்பகுதி இலைதான். இலையில் புரதம் அதிகம், நார் குறைவு. ஐந்தாறு வாரத்துக்குப் பிறகு கணுக்கள் நீண்டு தட்டை உருவாகத் தொடங்கும். தட்டை நிமிர்ந்து நிற்க வேண்டுமானால் அதன் உயிரணுச் சுவர்கள் கெட்டிப்பட வேண்டும், அந்தக் கெட்டிப்பாட்டைத் தருவது லிக்னின் என்ற பொருள். மாட்டின் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் சாதாரண நாரைச் செரித்துவிடும். லிக்னின் பூசிய நாரை அவற்றால் எளிதில் தொட முடியாது. கீழிலைகள் நிழலில் பழுத்து உதிர்வதும் இதே நேரத்தில்தான். இதனால் நான்கு வாரப் புல்லின் உலர்பொருளில் 12 விழுக்காட்டை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும் புரதம், ஆறு வாரத்தில் 10 விழுக்காட்டை ஒட்டியும், மூன்று மாதத்தில் 6 விழுக்காட்டை ஒட்டியும் இறங்கிவிடுவது வழக்கம். மண்ணுக்கும் உரத்துக்கும் ஏற்ப இந்த எண்கள் சற்று ஏறி இறங்கலாம். இறங்கும் திசை மட்டும் மாறாது.

இதில் 7 விழுக்காடு என்பது ஒரு கோடு. தீவனத்தில் புரதம் அதற்குக் கீழே போனால், இரைப்பை நுண்ணுயிர்களுக்கே போதிய தழைச்சத்து (நைட்ரஜன்) கிடைக்காமல் அவற்றின் பெருக்கம் குன்றும். நார் செரிப்பது தாமதமாகும். செரிக்காத நார் வயிற்றை அடைத்துக்கொண்டு நிற்பதால் மாடு தின்னும் அளவும் குறையும். முற்றிய புல் சத்துக் குறைந்தது என்பதோடு, அந்தக் குறைந்த சத்தையும் மாடு குறைவாகவே தின்னும்படி செய்துவிடுகிறது. இந்த இரட்டை நட்டம் டன் கணக்கில் எங்கேயும் தெரிவதில்லை.

நேரில் பார்க்க விரும்புகிறவர்கள், மூன்று மாதப் புல்லை நறுக்கிப் போடும் எந்தக் கொட்டகைக்காவது மாலையில் போய்த் தீவனக் காடியைக் குனிந்து பார்க்கலாம். நறுக்கும் இயந்திரத்திலிருந்து வந்தபோது இலையும் தட்டையும் கலந்து பச்சையாக, பார்வைக்கு நன்றாகவே இருந்திருக்கும். மாடு மூக்கால் கிளறிக் கிளறி இலையை நக்கி எடுத்துக்கொள்ளும். காடியின் அடியில், கட்டைவிரல் பருமனில், உள்ளே வெண்மையான நெட்டியும் வெளியே கண்ணாடி போன்ற தோலும் உள்ள தட்டைத் துண்டுகள் எச்சில் ஈரத்தோடு மிஞ்சிக் கிடக்கும். கணு இருக்கும் துண்டுகளை மாடு கடித்துக்கூடப் பார்த்திருக்காது. மறுநாள் காலையில் அவை சாணத்தோடு கூட்டித் தள்ளப்படும். நட்டு, உரமிட்டு, வெட்டி, மோட்டார் சைக்கிளில் கட்டி ஏற்றி, பெட்ரோல் செலவழித்து நறுக்கிய புல்லில் ஒரு பகுதி இப்படி எருக்குழிக்குப் போகிறது.

அப்படியானால் இளசாகவே, மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெட்டிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். கேட்பது நியாயம்தான், புரதம் அப்போது உச்சத்தில் இருக்கும். ஆனால் வெட்டுண்ட புல்லுக்கு இலையே இல்லை; வெயிலிலிருந்து உணவு தயாரிக்க அதனால் முடியாது. தூரிலும் வேரிலும் முன்பே சேர்த்து வைத்த மாவுச்சத்தையும் சர்க்கரையையும் செலவழித்துத்தான் முதல் தளிர்களை விடுகிறது. புதிய இலைகள் விரிந்து, செலவழிந்த இருப்பை மீண்டும் நிரப்புவதற்குள் அடுத்த வெட்டு விழுந்தால் இருப்பு கரைகிறது, வேர் சுருங்குகிறது, நடுத்தூர் செத்துக் குழியாகிறது, அந்த வெற்றிடத்தில் லாலாங் களைப்புல் புகுந்துகொள்கிறது. ஆண்டு முழுவதும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெட்டப்பட்ட பாத்தியில் மொத்த உலர்பொருளும் குறைந்துவிடும். இரண்டாம் ஆண்டில் மறுநடவு செய்யாமல் முடியாது. மழை நன்றாகப் பெய்யும் மாதங்களில் ஆறு வாரம், வறட்சியில் ஏழு அல்லது எட்டு வாரம் என்பது என் பரிந்துரை. நாள்காட்டியைவிட நம்பகமான அடையாளமும் ஒன்று உண்டு: அடியிலைகள் பழுக்கத் தொடங்கும் முன், தட்டை விரல் பருமனைத் தாண்டும் முன் வெட்டிவிட வேண்டும். அரை ஏக்கரை ஆறு பாத்தியாகப் பிரித்து வாரம் ஒரு பாத்தி வெட்டி வந்தால் எந்த வாரமும் முற்றிய புல்லும் இருக்காது, புல் இல்லாத வாரமும் இருக்காது.

வெட்டும் உயரத்தைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. சில ரகங்களைத் தரையோடு வெட்டினால்தான் மண்ணுக்கடியிலிருந்து கொழுத்த தளிர் வரும் என்பார்கள். மேட்டு நிலத்தில் அது சரியாக இருக்கலாம். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் தேங்கும் நம் தாழ்நிலங்களில், 2006 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த எவரும், தரையோடு வெட்டிய கட்டைக்குள் தண்ணீர் இறங்கி அழுகுவதை விரும்பமாட்டார்கள். 10 முதல் 15 சென்டிமீட்டர் கட்டை விட்டு, மழுங்காத பாராங் கத்தியால் சாய்வாக ஒரே வெட்டில் வெட்டுவது போதும். மழுங்கிய பாராங் தூரைச் சிலாம்பாகப் பிளந்துவிடும். அங்கே பூஞ்சணம் பிடிக்கும்.

இனி உரத்துக்கு வருகிறேன். தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருந்து செம்பனைக்குப் போகும் உரத்தைப் பேரேட்டில் எழுதி வந்தவன் என்ற முறையில், புல்லையும் அதே கண்ணால்தான் பார்க்கிறேன். செம்பனைத் தோட்டத்தில் எத்தனை டன் குலை வெளியே போனது, அதோடு எவ்வளவு சத்து போனது என்று பார்த்து உரம் இடுவார்கள். மட்டையை வெட்டி அங்கேயே அடுக்கிவிடுவார்கள். புல்லிலோ வெட்டியது முழுவதும் வெளியே போகிறது. மேய்ச்சல் நிலத்தில் மாடு தின்ற சத்தின் பெரும்பகுதி சாணமாகவும் மூத்திரமாகவும் அங்கேயே விழும். வெட்டிக் கொண்டுபோகும் நிலத்தில் திரும்ப ஒன்றும் விழுவதில்லை.

எவ்வளவு போகிறது என்பதைக் கணக்கிடுவது கடினமல்ல. புரதத்தில் ஏறக்குறைய 16 விழுக்காடு தழைச்சத்து. ஆகவே 10 விழுக்காடு புரதமுள்ள ஒரு டன் உலர்ந்த புல்லில் 16 கிலோ தழைச்சத்து இருக்கிறது. சாம்பல் சத்தோ (பொட்டாசியம்) அதைவிட அதிகம். 2 விழுக்காடு என்று குறைவாகவே வைத்தாலும் டன்னுக்கு 20 கிலோ. மணிச்சத்து (பாஸ்பரஸ்) இரண்டு, மூன்று கிலோவுக்குள் அடங்கும். ஓர் ஏக்கரில் ஆண்டுக்கு 8 டன் உலர்பொருள் எடுப்பதாகக் கொண்டால் 128 கிலோ தழைச்சத்தும் 160 கிலோ சாம்பல் சத்தும் 20 கிலோ மணிச்சத்தும் வயலைவிட்டு வெளியேறுகின்றன. யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து. 50 கிலோ மூட்டையில் 23 கிலோ. எனவே அந்தத் தழைச்சத்துக்கு ஐந்தரை மூட்டை யூரியா ஆகிறது. தோட்டங்களில் போடும் சிவப்புப் பொட்டாஷ் உரத்தின் 50 கிலோ மூட்டையில் சாம்பல் சத்து ஏறக்குறைய 25 கிலோ. அதில் ஆறு மூட்டைக்கு மேல் போகிறது. இதில் ஒரு பங்கை மண் தானாகத் தரும் என்பது உண்மை. ஆனால் யூரியாவை மட்டும் போட்டுக்கொண்டே போனால், முதல் ஆண்டில் கரும்பச்சையாகத் தழைத்த புல், மண்ணில் இருந்த சாம்பல் சத்தை உறிஞ்சித் தீர்த்தபின், யூரியாவுக்கு அசைந்து கொடுக்காமல் நின்றுவிடும். பழைய இலைகளின் ஓரமும் நுனியும் காய்ந்து பழுப்பாகக் கருகுவது அதன் அறிகுறி. அதைப் பார்த்து இன்னும் ஒரு மூட்டை யூரியா வாங்குகிறவர்களை நான் அறிவேன். தங்கள் கட்டுரையில் யூரியாவைத் தவிர வேறு உரத்தின் பெயரே வராததைக் கண்டபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

இந்தச் சாம்பல் சத்துக்கு எங்கே போவது? பணம் கொடுத்து வாங்குவதற்கு முன், கொட்டகையைப் பாருங்கள். மாடு தின்ற தழைச்சத்தில் கால் பங்கு அல்லது அதற்கும் குறைவுதான் பாலில் போகிறது. சாம்பல் சத்தில் பாலுக்குப் போவது இன்னும் சொற்பம். மிகப்பெரும்பகுதி மூத்திரத்தில் வெளியேறுகிறது. நாமோ சாணத்தை மட்டும் அள்ளிக் குழியில் போட்டுவிட்டு, சிமெண்டுத் தரையை ரப்பர் குழாயால் கழுவி மூத்திரம் முழுவதையும் கழிவுநீர்க் காணுக்குள் விடுகிறோம். அக்கம்பக்கத்தார் நாற்றம் என்று நகராண்மைக் கழகத்தில் புகார் செய்கிறார்கள். மறுபக்கம் நாம் பொட்டாஷ் வாங்கக் கடைக்குப் போகிறோம். கழுவிய நீரைக் காணுக்கு விடாமல் ஒரு தொட்டியில் தேக்கி, அன்றன்று வெட்டிய பாத்திக்கு வாளியிலோ சிறு பம்பிலோ விட்டால் போதும். ஒரே இடத்தில் தினமும் கொட்டாமல், வெட்டிய வரிசையைத் தொடர்ந்து மாற்றி மாற்றி விட வேண்டும். மழை கொட்டும் நாளில் விடக்கூடாது, ஆற்றுக்குப் போய்விடும். செம்பனை ஆலைக்கு அருகில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. பழம் உதிர்த்த வெறுங்குலையில் சாம்பல் சத்து மிகுதி. அதைப் புல் வரிசைகளுக்கிடையே பரப்பினால் ஈரத்தையும் காக்கும், களையையும் அடக்கும், மெல்ல மக்கிச் சத்தையும் தரும்.

யூரியாவை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. தழைச்சத்தைப்போல் புல்லின் விளைச்சலை உடனே தூக்கும் சத்து வேறில்லை. அளவோடு இட்டால் புரதமும் ஏறும். ஆனால் அது நேரத்தையும் ஈரத்தையும் பார்த்து இட வேண்டிய உரம். ஈரமான மண்ணின் மேல் யூரியாத் திரளைத் தூவிவிட்டு மறுநாள் காலையில் வரிசைக்குள் குனிந்து நின்றால், மூக்கில் காரமாக ஏறும் ஒரு நெடி வரும். மண்ணிலும் காய்ந்த சருகிலும் உள்ள நொதி ஒன்று யூரியாவை அம்மோனியாவாக உடைக்கிறது. அது காற்றோடு போகிறது. அதாவது கொடுத்த காசு நெடியாகப் போகிறது. தூவிய அன்றே ஒரு மிதமான மழை பெய்து அதை மண்ணுக்குள் இறக்கிவிட்டால் இந்த இழப்பு பெரிதும் குறையும். மழை இல்லையென்றால் வரிசை ஓரமாகச் சங்குல் மண்வெட்டியால் கீறி உள்ளே போட்டு மூடலாம். மாறாக, பருவமழை வெளுத்து வாங்கும் வாரத்தில் போட்டால் அது நைட்ரேட்டாகி மண்ணைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும், அல்லது வழிந்து ஓடிவிடும். வெட்டிய ஐந்து முதல் ஏழு நாளில், தளிர் கிளம்பியதும், ஆண்டு அளவை எட்டு வெட்டுக்கும் பகிர்ந்து, ஏக்கருக்கு ஒரு வெட்டுக்கு 35 கிலோவை ஒட்டி இடுவது போதுமானது. கால் ஏக்கர் வைத்திருப்பவருக்கு இது 9 கிலோவுக்கும் குறைவு. சாணமும் கழுவுநீரும் போகிற பாத்தியில் இதிலும் குறைத்துக்கொள்ளலாம்.

நம் மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தீபகற்ப மலேசியாவின் கருங்கல் பாறையிலிருந்து உருவான மண்வகைகளில் பரவலான ஒன்றுக்கு மண்ணியலாளர் இட்ட பெயர் ரெங்கம் தொடர். நம் குளுவாங் மாவட்டத்து ரெங்கத்தின் பெயர்தான் அது. நல்ல வடிகால் உள்ள மண், ஆழமான மண். ஆனால் புளிப்பு மண். அமிலகாரக் குறியீடு (pH) பொதுவாக 4-க்கும் 5-க்கும் இடையில்தான். இத்தகைய மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாம்பல் சத்தையும் மக்னீசியத்தையும் தாங்கி வைக்கும் சக்தி இதற்குக் குறைவு, மழையில் எளிதில் கழுவிப் போய்விடும். யூரியாவும் அம்மோனியம் சல்பேட்டும் தொடர்ந்து இடப்பட்டால் புளிப்பு இன்னும் ஏறும். இரண்டில் சல்பேட்டின் புளிப்பே கடுமை.

இதற்குச் சான்று தேடி நெடுநாள் காத்திருக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் 1856-இல் தொடங்கிய புல்வெளிச் சோதனை இன்றும் நடக்கிறது. ஒரே வெளியைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஆண்டுதோறும் புல்லை வெட்டி எடுத்து, ஒவ்வொரு பாத்திக்கும் ஒவ்வொரு விதமாக உரமிட்டு வருகிறார்கள். சுண்ணாம்பு இடாமல் அம்மோனியம் சல்பேட் மட்டும் பெற்று வந்த பாத்திகள் கடும் புளிப்பாகி, பலவகைச் செடிகள் மறைந்து, புளிப்பைத் தாங்கும் ஓரிரு புல்வகைகளே மிஞ்சின. மேலே மக்காத சருகு மெத்தையாகச் சேர்ந்தது. அது குளிர்நாட்டுப் புல், நம் யானைப்புல் அல்ல என்பது சரிதான். ஆனால் அம்மோனியம் மண்ணில் நைட்ரேட்டாகும்போது அமிலம் வெளிப்படுவது எல்லா நாட்டுக்கும் ஒன்றே. ஏற்கெனவே புளித்த மண்ணில் நாம் தொடங்குகிறோம் என்பதுதான் வேறுபாடு. நம் ஊர் உரக்கடைகளில் ஜி.எம்.எல். என்ற பெயரில் கிடைக்கும் மக்னீசியச் சுண்ணாம்புத் தூள் இதற்கு மருந்து. புளிப்பையும் குறைக்கும், மக்னீசியத்தையும் தரும். அதை யூரியாவோடு ஒரே நேரத்தில் இடாமல் சில வாரம் இடைவெளி விட வேண்டும்; சுண்ணாம்பு பட்டால் யூரியாவிலிருந்து அம்மோனியா இன்னும் வேகமாகப் பறக்கும்.

அளவுக்கு மீறிய யூரியாவின் இன்னொரு விளைவைப் பலர் நன்மை என்று எண்ணிவிடுகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் புல்லின் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. தழைச்சத்தை அளந்து 6.25 ஆல் பெருக்கிச் சொல்கிறார்கள். யூரியா மிகுந்த புல்லில் புரதமாக மாறாத நைட்ரேட்டும் இருக்கும். அதன் ஒரு பங்கும் அந்தக் கணக்கில் புரதமாகத் தோன்றிவிடலாம். தாள் 14 விழுக்காடு என்று சொல்லும். மாட்டுக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. பால் கூடவில்லையே என்று ரகத்தைக் குறை சொல்வார்கள்.

நைட்ரேட் உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு. நிறைய யூரியா இட்டு, அதன்பின் வறட்சி வந்து வளர்ச்சி நின்றுபோன புல்லிலும், பல நாள் மூடிய வானத்தின்கீழ் வளர்ந்த புல்லிலும், வறட்சிக்குப் பின் முதல் மழையில் திடீரென்று தழைத்த புல்லிலும் அது சேரும். தட்டையின் அடிப்பகுதியில்தான் அதிகம். இரைப்பையில் அது நைட்ரைட்டாக மாறி, இரத்தத்திலேறி, உயிர்க்காற்றைச் சுமக்கும் பொருளைச் செயலிழக்கச் செய்யும். மாடு மூச்சு வாங்கும், தள்ளாடும், ஈறும் கண்ணிமையின் உட்புறமும் நீலம் பாரிக்கும், இரத்தம் பழுப்பாக இருக்கும். அப்போது வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் கால்நடை மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். ஊசிமருந்து உண்டு, நேரம்தான் குறைவு. உரமிட்டு நான்கு வாரம் ஆகாத புல்லைப் பட்டினி கிடந்த மாட்டுக்கு வயிறு நிறையப் போடாமலிருப்பதும், ஐயமுள்ள புல்லை உயரமாக வெட்டி அடித்தட்டையை வயலிலேயே விடுவதும் தடுக்கும் வழிகள். யூரியா மூட்டையையே மாடு எட்டும் இடத்தில் வைக்கக்கூடாது என்பதை இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அது வேறு நஞ்சு, அதைவிட விரைவானது.

பயறுவகைச் செடிகளைப் பற்றியும் கேட்பார்கள். சவுண்டல் மரத்தின் இலை புரதம் மிகுந்ததுதான், ஆனால் ரெங்கம் மண்ணின் புளிப்பு அந்த மரத்துக்கு ஒத்துக்கொள்ளாது. கிளிரிசிடியா ஓரளவு தாங்கும், வேலியாக நட்டு வைக்கலாம். அதற்கு மேல் இங்கே விரிக்கவில்லை.

சொந்தப் புல்லின் உலர்பொருளைத் தெரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் தேவையில்லை. நறுக்கிக் கலந்த புல்லில் ஒரு கிலோ எடுத்து, ஜிங்க் தகட்டில் மெல்லப் பரப்பி, மழை படாமல் நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவைத்து, எடை மேலும் குறையாமல் நின்றதும் நிறுத்துப் பார்க்கலாம். வெயிலில் காய்ந்த புல்லில் பத்தில் ஒரு பங்கு ஈரம் மிஞ்சியிருக்கும். அதைக் கழித்துக்கொண்டால் போதிய அளவு சரியான விடை வரும். புரதத்துக்கும் மண்ணுக்கும்தான் ஆய்வுக்கூடம் வேண்டும். மார்டி என்ற மலேசிய வேளாண்மை ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகம் 1969 முதல் நாட்டில் இயங்கி வருகிறது. கால்நடைத் துறையின் நிறுவனமும் நம் குளுவாங்கிலேயே இருக்கிறது. மண்ணையும் புல்லையும் சோதித்துத் தரும் வசதி எங்கே, என்ன கட்டணத்தில், எவ்வளவு மாதிரி எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பதைச் சிறுபண்ணையாளருக்குத் தமிழிலும் மலாயிலும் ஒரு பக்கத்தில் அச்சிட்டுத் தந்தால், துறைக்கு அது பெரிய செலவன்று. அரை ஏக்கர்காரருக்கு எந்த மேடையிலும் கிடைக்காத உதவி அது.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். இனிப் புல் ரகம் எதைப் பற்றியும் செய்தியோ விளம்பரக் கட்டுரையோ வெளியிடும்போது, டன் கணக்கோடு, அது எத்தனை நாள் இடைவெளியில் வெட்டப்பட்டது, அதில் உலர்பொருள் எவ்வளவு, ஆண்டுக்கு என்னென்ன உரம் எவ்வளவு இடப்பட்டது என்ற மூன்று விவரங்களையும் கேட்டு வாங்கி அச்சிட வேண்டும். தர மறுக்கும் விற்பனையாளரின் டன் கணக்கையும் அச்சிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
குளுவாங், ஜொகூர்.